பதினேழாம் இடமா, கீழ் டிவிஷனா?

தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான். 2016-ல் லெஸ்டர் சிட்டி, இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் டிவிஷனான பிரீமியர் லீக்கை ஜெயித்தபோது அவர் பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார், அன்றிலிருந்து அந்த அணிதான். 2023-ல் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது (இருபது அணிகளில் கடைசி மூன்றும் வருஷாவருஷம் இறங்க வேண்டும்). இறங்கின இடத்தில் 46 ஆட்டத்தில் 31 ஜெயித்து, 97 பாயிண்டோடு முதலிடம். மேலே வந்தது, 38 ஆட்டத்தில் 6 மட்டும் ஜெயித்து, 25 பாயிண்டோடு 2025-ல் மறுபடியும் இறங்கியது. "அண்ணாச்சி, வாராவாரம் அடி வாங்கிக்கொண்டு பதினேழாவது இடத்தில் தொங்குவதைவிட, கீழே போய் நாலு ஆட்டம் ஜெயித்து, அணியைச் சீர்பண்ணிக்கொண்டு வருவது நல்லதுதானே? ரசிகன் எதை ஆசைப்பட வேண்டும்?" என்கிறார்.

ஏப்ரல் மாதம் உங்கள் அணி பதினெட்டாவது இடத்தில் இருந்தால், பிழைக்கத்தான் ஆசைப்பட வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் எதைக் கொடுத்துப் பிழைக்கிறோம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, உங்கள் கேள்வியின் உண்மையான பதில் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் அணியையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் ரசிகராவதற்கு ஒரு வருஷம் முன்னால், 2015 ஏப்ரல் தொடக்கத்தில், லெஸ்டர் இருபது அணிகளில் இருபதாவது. கிறிஸ்துமஸுக்கும் அதே இடம்தான். அன்றைக்கும் நீங்கள் சொல்வதையே சொன்னவர்கள் இருந்திருப்பார்கள், இது மேலே இருக்கத் தகுதியில்லாத அணி, இறங்கிப்போய்த் திருந்தி வரட்டும் என்று. கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஜெயித்தார்கள். 41 பாயிண்ட், பதினான்காவது இடம். அந்தக் கோடையில்தான், பிறகு கோப்பை ஜெயித்த அணியின் நடுக்கள ஆட்டக்காரர் காண்டே பிரான்ஸிலிருந்து வந்தார். அணி இரண்டாம் டிவிஷனில் இருந்தால் அவர் வந்திருப்பாரா? அந்த அணியின் இன்னொரு நட்சத்திரம் மாரெஸ் இருந்திருப்பாரா? அடுத்த மே மாதம் நீங்கள் பார்த்த கோப்பை, முந்தின வருஷம் பதினான்காவது இடத்தில் ஒட்டிக்கொண்டதால் வந்த கோப்பை. பிழைத்துக் கிடப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அதே 2014-15 சீசனில் இன்னொரு அணியும் இருந்தது, பர்ன்லி. 33 பாயிண்ட், பத்தொன்பதாவது இடம், இறங்கிவிட்டார்கள். அந்த வருஷம் அவர்கள் கையை மீறிச் செலவு செய்யவில்லை, சீசன் நடுவில் ஆள் வாங்க விற்க விடுகிற ஜனவரியில் பதறிப்போய் யாரையும் பெரிய விலை கொடுத்து வாங்கவில்லை, மேனேஜர் ஷான் டைச்சையும் துரத்தவில்லை. இங்ஸ், டிரிப்பியர் போன்ற நல்ல ஆட்கள் சிலர் போனார்கள்தான். ஆனாலும் மறுவருஷமே கீழ் டிவிஷனின் சாம்பியனாக மேலே வந்தார்கள். வந்து ஆறு வருஷம் மேலேயே இருந்தார்கள், 2018-ல் ஏழாவது இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டி வரைக்கும் போனார்கள். ஆக ஒரே சீசனில் ஒரு அணி பிழைத்தது, ஒரு அணி இறங்கியது, இரண்டுக்கும் நல்லதே நடந்தது. ஏனென்றால் இரண்டு பேருமே விதைநெல்லில் கை வைக்கவில்லை.

இதை நம் பக்கத்தில் விளக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றி, பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லாமல், கார் சாகுபடி போய்விட்ட வருஷங்கள் எத்தனை பார்த்திருக்கிறோம். கார் போனால் அடுத்த போகமான பிசானம் இருக்கிறது. குடும்பம் கஷ்டப்படும், நகை அடகுக் கடைக்குப் போகும், ஆனால் வீட்டில் பெரியவர்கள் ஒரு மூட்டையை மட்டும் தொடவே விடமாட்டார்கள். அதைக் குத்திச் சாப்பிட்டால் அந்த மாதம் வயிறு நிறையும், ஐப்பசியில் மழை கொட்டும்போது வயலில் போட ஒன்றும் இருக்காது.

2023-ல் இறங்கிய லெஸ்டர் அந்த மூட்டையைத் தின்றுவிட்டு இறங்கிய அணி. 2016 கோப்பைக்குப் பிறகு, 2021-ல் இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பைக்குப் பிறகு, மேலே ஆறு ஏழாவது இடத்தில் நிற்பதற்காகச் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். இறங்கிய வருஷம் சம்பளச் செலவு கிளப்பின் மொத்த வருமானத்தையே தாண்டி நின்றது. அதைவிடப் பெரிய பிழை ஒப்பந்தங்களில். டீலெமன்ஸ், சோயுஞ்சு, இரண்டு பேரும் விற்றால் நல்ல விலை போகக்கூடிய ஆட்கள், ஒப்பந்தம் முடிந்து ஒரு பைசா வராமல் வெளியே நடந்தார்கள். மேடிசன், பார்ன்ஸ் போன்ற சிலர்தான் விலைக்குப் போனார்கள். அதனால்தான் கீழே 97 பாயிண்ட் எடுத்தும், மேலே வந்தபோது அணியில் பலம் இல்லை. மேலே ஏற்றிவிட்ட மேனேஜர் மரெஸ்காவும் செல்சிக்குப் போய்விட்டார். சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஒன்பது லீக் ஆட்டம், ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றார்கள். நீங்கள் அந்த ஒன்பதையும் பார்த்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன், உங்கள் கேள்வியில் அந்தக் களைப்பு தெரிகிறது.

அதனால் "கீழே போய்ச் சீர்பண்ணிக்கொண்டு வருவோம்" என்று சொல்லும்போது சீர்பண்ணப் பணம் எங்கிருந்து வரும் என்று பார்க்க வேண்டும். பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கிற அணிக்கும் வருஷத்துக்கு நூறு மில்லியன் பவுண்டுக்கு மேல் லீக்கிலிருந்து கிடைக்கிறது, பெரும்பாலும் டிவி பணம். இறங்கினால் அது நின்றுபோகும். பதிலுக்குப் பாராசூட் பணம் என்று ஒன்று தருகிறார்கள்: மேலே இருக்கும் அணிகளுக்குச் சமமாகப் பிரிக்கும் டிவி பங்கில் முதல் வருஷம் 55 சதவீதம், இரண்டாம் வருஷம் 45, மூன்றாம் வருஷம் 20. மேலே ஒரே ஒரு சீசன் மட்டும் இருந்துவிட்டு இறங்கினால் அந்த மூன்றாம் வருஷமும் கிடையாது. அதற்குள் திரும்பி வராவிட்டால் மற்ற எல்லாரையும் போல நீங்களும் ஒரு அணி, ஆனால் தோளில் பழைய சம்பளங்களின் சுமை இருக்கும்.

இங்கேதான் ஒப்பந்தத்தில் ஒரு வரி முக்கியமாகிறது. அணி இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் தானாகக் குறையும் என்று எழுதி வைப்பது. நல்லபடி நடத்துகிற கிளப்புகள், மேலே ஏறின அன்றைக்கே, எல்லார் ஒப்பந்தத்திலும் இதைப் போடுகின்றன. சிலருக்குப் போடாமல் விட்ட கிளப்புகள் என்ன ஆயின என்பதற்கு சண்டர்லேண்டைப் பாருங்கள். 2017-ல் இறங்கினார்கள், மேல் டிவிஷன் சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவர் கீழ் டிவிஷனில் அதே சம்பளத்தோடு உட்கார்ந்திருந்தார், 2018-ல் மறுபடியும் இறங்கினார்கள். மூன்றாம் டிவிஷனில் நான்கு வருஷம். அந்த 2018 டிசம்பர் 26-ல் பிராட்ஃபோர்டோடு ஆடின ஆட்டத்துக்கு வந்தவர்கள் 46 ஆயிரம் பேர். மூன்றாம் டிவிஷன் ஆட்டம் அது! அந்த ஜனங்களைக் கேட்டால் ஒரு பயலும் இறங்கியது நல்லதென்று சொல்லமாட்டான். 2022-ல் ஒரு படி ஏறி, 2025-ல், ஏறுவதற்கு மிச்சமிருக்கும் கடைசி ஒரு இடத்துக்கான பிளேஆஃப் இறுதியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று ஜெயித்து மேலே வந்தார்கள். எட்டு வருஷம். 2017-ல் பத்து வயதாக இருந்த பையனுக்கு இப்போது ஓட்டுப் போடும் வயது.

இறங்கித் திருந்தி வந்த கதைகளை நாம் அதிகம் கேட்கிறோம், காரணம் திரும்பி வந்தவர்கள்தான் நம் கண்ணில் படுகிறார்கள். அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் 2011-ல் முதல்முறையாக இறங்கி, ஒரே வருஷத்தில் திரும்பி, 2015-லும் 2018-லும் தென் அமெரிக்கக் கிளப்புகளின் பெரிய கோப்பையான லிபர்டடோரெஸை ஜெயித்தது. அருமையான கதை, நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஹாம்பர்க்கும் ஒரு கதைதான். ஜெர்மனியின் புண்டெஸ்லிகா தொடங்கின 1963-லிருந்து இறங்காத ஒரே அணி என்று மைதானத்தில் பெரிய கடிகாரம் வைத்து நாள், மணி, நிமிஷம் எல்லாம் ஓடவிட்டிருந்தார்கள். 54 வருஷம் ஓடின கணக்கு 2018-ல் நின்றது. அவ்வளவு பெரிய கிளப், அவ்வளவு ரசிகர்கள், ஒரு வருஷத்தில் வந்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஏழு சீசன் ஆனது. லீட்ஸ் 2001-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடின அணி. 2004-ல் இறங்கி, 2007-ல் மூன்றாம் டிவிஷனுக்கும் போய், மேலே வர 2020 ஆகிவிட்டது. போர்ட்ஸ்மத் 2008-ல் எஃப்ஏ கோப்பை ஜெயித்துவிட்டு, கடனில் மூழ்கி 2013-ல் நான்காம் டிவிஷனில் கிடந்தது. கடைசியில் ரசிகர்கள் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு பங்கு போட்டுக் கிளப்பை வாங்கிக் காப்பாற்றினார்கள்.

நம் ஊர்க் கதை ஒன்று சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நான் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அணியில் லெஃப்ட் பேக் ஆடினவன், பிறகு அதே அணியின் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டவன். எங்கள் லீகில் ஏ டிவிஷன், பி டிவிஷன் என்று இரண்டு. ஒரு வருஷம் கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் ஏ-யில் இருப்போம் என்று நிலைமை. பதினொரு பேரும் எங்கள் பாதியிலேயே நின்றோம். பந்து வந்தால் எடுத்து அடி, அவ்வளவுதான். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்துபோய் செம்மண்ணில் எது உள்ளே எது வெளியே என்றே தெரியாது, வெளியே வேப்பமரத்தடியில் நின்ற எங்கள் ஆட்களே "என்னலே ஆட்டம் இது" என்று கத்தினார்கள். எங்கள் கோல்கீப்பரின் சித்தப்பாவுக்கு உவரியில் வள்ளம் உண்டு, கோல் போஸ்டில் கட்டியிருந்தது அவர் கொடுத்த பழைய மீன்வலைதான். வெயில் ஏறினால் அதிலிருந்து உப்பும் கருவாடும் கலந்த ஒரு வாடை வரும். அன்றைக்கு அந்த வலையில் பந்து விழவேயில்லை. கோலில்லாமல் முடிந்தபோது அவன் வலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், எழுந்திருக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. பார்க்க அசிங்கமான ஆட்டம். ஆனால் அன்று சாயங்காலம் டீக்கடையில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நாங்கள் ஜெயித்த எந்த ஆட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து இறங்கினோம். நாங்களும் சொன்னோம், பி-யில் சின்னப் பையன்களுக்கு வாய்ப்புக் கொடுப்போம், அடுத்த வருஷம் ஏறிவிடலாம் என்று. என்ன நடந்தது? ஏ டிவிஷனில் ஆடினால்தான் காலேஜ் செலக்‌ஷனில் பார்ப்பார்கள் என்று நல்லா ஆடுகிற இரண்டு பேர் வேறு அணிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள், அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஜெர்சி எடுத்துத் தந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி "அடுத்த தடவை பார்ப்போம்" என்றார். காலையில் பதினெட்டுப் பேர் வந்த பிராக்டிஸுக்கு ஒன்பது பேர் வந்தார்கள், பிறகு ஆறு. மறுவருஷம் நுழைவுக் கட்டணம் கட்டவே ஆள் சேரவில்லை, அணி ஆடவேயில்லை. மூன்று வருஷம் மைதானத்தில் எங்கள் பெயர் இல்லை. கீழே போனால் ஜெயித்துக்கொண்டே இருக்கலாம் என்பது, ஆள் அப்படியே இருந்தால்தான். இறங்கும்போது ஆள் அப்படியே இருப்பதில்லை. இங்கிலாந்துக் கிளப்பிலும் இதேதான், கூடுதலாக டிக்கெட் கவுன்டரில் இருப்பவர், சமையலறையில் இருப்பவர், துணி துவைப்பவர், இவர்கள் வேலையும் சேர்ந்து ஆட்டம் காணும். பெரிய ஆட்டக்காரனுக்கு வேறு கிளப் கிடைக்கும், இவர்களுக்குக் கிடைக்காது. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து "இறங்கட்டும்" என்று சொல்ல நமக்குச் சுலபம், நம் தெருவில் யாருக்கும் வேலை போகாது.

பிழைப்பதைவிடப் பெரிதாக எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2013 மே 11, விகன் அத்லெட்டிக் எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை ஜெயித்தது, தொண்ணூறு நிமிஷம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் பென் வாட்சன் தலையால் முட்டின ஒரே கோல். அந்தக் கிளப்புக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை அதுதான். மூன்று நாள் கழித்து ஆர்சனலிடம் 4-1 தோற்று இறங்கினார்கள், அதற்குப் பிறகு மூன்றாம் டிவிஷன், திவால் என்று நிறையப் பட்டார்கள். இருந்தாலும் விகன் ரசிகரிடம் அந்தக் கோப்பையைக் கொடுத்துவிட்டுப் பதினேழாவது இடத்தை வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டால், தரமாட்டார் என்றே நான் நம்புகிறேன், நானாக இருந்தாலும் தரமாட்டேன். டாட்டன்ஹாம் 2025-ல் பதினேழாவது இடத்தில் முடித்து ஐரோப்பியக் கிளப் போட்டியான யூரோப்பா லீக்கின் கோப்பையைத் தூக்கினார்களே, லீகை விட்டுவிட்டு அங்கே கவனம் வைக்க அவர்களுக்குத் தைரியம் எப்படி வந்தது? அவர்களுக்குக் கீழே பதினெட்டாவது இடத்தில் உங்கள் லெஸ்டர் 25 பாயிண்டோடு நின்றதால்தான். அந்த வருஷம் ஏறின மூன்று அணிகளும் இறங்கின, முந்தின வருஷமும் அதே கதை. அதற்கு முன் அப்படி நடந்தது 1998-ல். ஏறிவருகிற அணிக்கு மேலே நிற்பது அவ்வளவு கஷ்டமாகிவிட்டது. 40 பாயிண்ட் எடுத்தால் தப்பிக்கலாம் என்று பழைய பேச்சு ஒன்று உண்டு. 2003-ல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது, 2005-ல் வெஸ்ட் புரோம் 34-லேயே தப்பித்தது. அந்த எண்ணை நம்பாதீர்கள்.

இறங்குவதே இல்லாத லீக் எப்படி இருக்கும் என்று தெரிய நமக்கு இங்கிலாந்துவரை போக வேண்டாம். ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், 2014-ல் தொடங்கியபோதே இறக்கம் கிடையாது. 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்சி சாம்பியன். அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 பாயிண்ட், கடைசி இடம். அதே சீசனில் கோயம்புத்தூரில் ஆடின சென்னை சிட்டி, இந்தியாவின் இன்னொரு லீகான ஐ-லீகின் சாம்பியன். ஒரே மாநிலத்தில் ஒரு அணி ஐஎஸ்எல்லில் கடைசி, ஒரு அணி ஐ-லீகில் முதல், இரண்டு லீகுக்கும் நடுவே அன்றைக்குக் கதவே இருக்கவில்லை. சென்னையின் எஃப்சி மறுவருஷம் இறுதிப்போட்டி வரைக்கும் போனது, அது நல்லதுதான். ஆனால் சென்னை சிட்டி சில வருஷத்தில் ஐ-லீகிலேயே இல்லாமல் போய்விட்டது. கடைசி மாத ஆட்டங்களுக்கு ஒரு அர்த்தம் வேண்டுமென்றால் அந்தக் கதவு வேண்டும், அதில் நம் அணி வெளியே தள்ளப்படும் அபாயத்தோடு சேர்த்துத்தான் வேண்டும். அந்த அபாயம் நல்லது என்பதால் நம் அணி வெளியே போவதும் நல்லது என்று ஆகிவிடாது, இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

2025 மே 18 ஞாபகம் இருக்கிறதா? இறங்குவது உறுதியாகி ஒரு மாதம் ஆன பிறகு, இறங்கிவிட்ட இன்னொரு அணியான இப்ஸ்விச்சோடு ஆட்டம். யார் இறங்குவது என்பதை மாற்றாத ஆட்டம். ஜேமி வார்டி லெஸ்டருக்காக ஆடின 500-வது ஆட்டத்தில் 200-வது கோல் போட்டார். அந்த ஒரு கோலுக்கு மைதானம் முழுக்க எழுந்து நின்றது. இறங்கின வருஷத்திலும் ரசிகனுக்கு வைத்துக்கொள்ள ஏதாவது ஒன்று கிடைக்கும் தம்பி, அதை நான் மறுக்கவில்லை. அதற்காக இறங்குவதை வேண்டிக்கொள்ள முடியாது.

இனி உங்கள் அணி இறங்கும் நிலையில் இருந்தால் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால், டேபிளை விட்டுவிட்டு ஜனவரியில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முப்பத்திரண்டு வயது ஆளுக்கு நான்கு வருஷ ஒப்பந்தம் எழுதுகிறார்களா, அடுத்த வருஷ டிவி பணத்தை இப்போதே அடகு வைக்கிறார்களா, நல்ல பையன்களின் ஒப்பந்தத்தை முடிய விடுகிறார்களா. அப்படிச் செய்து பிழைத்தால் அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம். அதைச் செய்யாமல் ஆடித் தோற்று இறங்கினால் அழுவேன், ஆனால் அடுத்த ஆகஸ்டில் கூடவே இருப்பேன்.

எங்கள் அணியை இப்போது பையன்கள் மறுபடி நடத்துகிறார்கள், ஏறி ஏ டிவிஷனில்தான் இருக்கிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி ஆட்டம், ஒரு பாயிண்ட் வேண்டும். போன வாரம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு யோசனை சொன்னார்கள். வெளியூரிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடலாம், ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு கேட்கிறார்கள், அணிப் பணத்தில் சரியாக மூவாயிரத்து இருநூறு இருக்கிறது என்று. அந்தப் பணம் அடுத்த வருஷ நுழைவுக் கட்டணத்துக்கும் இரண்டு பந்துக்கும் வைத்தது. நான் வேண்டாம் என்றேன். கேப்டன் பையன் முகம் சுருங்கிப்போய்விட்டது, அவனுக்கு இது முதல் சீசன். இருக்கிற பதினாலு பேரோடு போவது என்று முடிவாகியிருக்கிறது. வலை கிழிந்திருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து முடிச்சுப் போட வேண்டும், நேரம் இருந்தால் நீங்களும் வாருங்கள்.